பதினொரு பித்தளை வாத்தியங்களை ஒன்பது ஸ்டொப் ஓர்கனுக்குள் கொண்டுவருவது எப்படி?

டிக்கோயா டீச்சர்:

வணக்கம். ஓர்கன் வாசிக்கிறவர்கள், முன்பு வாசித்தவர்கள், பக்கத்தில் நின்று ஸ்டொப் (ஒவ்வொரு குழாய் வரிசையையும் திறக்கும் இழுபிடி) இழுத்துப் பழகியவர்கள் எல்லோரிடமும் ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன்.

டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பதும் நான்தான். ஆடி மாதக் கடைசியில் தேவாலயத்தின் ஆண்டு விழா. பேராயர் வருகிறார். அவர் வாசலில் இருந்து பீடம் வரை நடந்து வருவதற்கு வழக்கமாக நேரே பாட்டுக்குப் போய்விடுவோம். இந்த முறை பாட்டுக்கு முன்னால் ஓர்கன் தனியாக இரண்டு நிமிடம் முழங்கட்டும் என்று குருவானவர் சொல்கிறார். எனக்கும் அந்த ஆசை வெகுநாளாக உண்டு.

எடுத்திருப்பது பால் டூகாஸின் ‘லா பெரி’ பாலேக்கு முன்னால் வரும் ஃபான்ஃபேர். 1912இல் பாரிஸில் மேடையேறிய பாலே அது. பாலே மிக மெல்லிய ஓசையில் தொடங்குகிறது. அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் பேசிக்கொண்டும் இடம் தேடிக்கொண்டும் இருப்பார்களாம். அவர்கள் அமர்ந்து அமைதியாவதற்காகவே இந்த முன்முழக்கத்தைச் சேர்த்தார் என்று சொல்வார்கள். எங்களுக்கும் தேவை அதுவேதான். விழா நாளில் எல்லா டிவிசனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் லீவு போட்டு வந்திருப்பார்கள். வருசத்தில் ஒரு தடவை கண்டுகொள்கிறவர்கள் கதைக்காமல் இருக்க முடியுமா? மைக்கில் “அமைதி, அமைதி” என்று யாரும் சொல்லாமல் இசையே அவர்களை எழுப்பி நிறுத்த வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஸ்கோரில் நான்கு ஹோர்ன், மூன்று ட்ரம்பெட், மூன்று ட்ரொம்போன், ஒரு டியூபா. ஆக பதினொரு பேர். தொடக்கம் பெருமுழக்கம், நடுவில் அடங்கிய ஒரு பகுதி, பிறகு மறுபடி முழக்கம்.

எங்கள் ஓர்கன் வெள்ளைக்காரத் தொரைமார் காலத்தில் இங்கிலாந்தில் இருந்து வந்தது. இரண்டு கீபோர்ட், ஒன்று கிரேட், மற்றது ஸ்வெல். அடிக் கணக்கு குழாயின் நீளம், நீளம் பாதியானால் சுரம் ஒரு ஒக்டேவ் ஏறும். கிரேட்டில் ஓப்பன் டயபேசன் எட்டடி, டல்சியானா எட்டடி, பிரின்சிபல் நாலடி, ஃபிஃப்டீன்த் இரண்டடி. ஸ்வெல்லில் ஸ்டொப்ட் டயபேசன், காம்பா, நாலடி ஜெம்ஸ்ஹோர்ன், ஓபோ. காலால் வாசிக்கும் பெடலில் பூர்டன் பதினாறடி மட்டும். கீபோர்டுகளையும் பெடலையும் ஒன்றோடு ஒன்று இணைக்கும் கப்ளர் மூன்றும் வேலை செய்கின்றன. ட்ரம்பெட் ஸ்டொப் என்று ஒன்று கிடையாது. நாக்கு வைத்த குழாய் ஓபோ ஒன்றுதான்.

ஹட்டனில் ஸ்டாஃப் பேப்பர் கிடைக்கவில்லை. சீஆர் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஐந்து ஐந்து கோடாகக் கீறி, பதினொரு வரியையும் மூன்று வரிக்குள் எழுதி முடித்துவிட்டேன். சுரம் எல்லாம் சரி. வீட்டுக் கீபோர்டில் பியானோ சத்தத்தில் வாசித்தால் நன்றாகவே வருகிறது. ஓர்கனில் வாசித்தால் கனக்கிறது. கூர்மை இல்லை. ஒரே கோர்ட்டை (சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டை) அடுத்தடுத்து வேகமாக அடிக்கிற இடங்களில் தனித்தனி அடியாகக் கேட்காமல் ஒரே பூச்சாகப் போய்விடுகிறது, காற்றும் நடுங்குகிறது. இடது கைப் பக்கம் ட்ரொம்போன்கள் வரும் இடம் முழுக்க மந்தம்.

எல்லா ஸ்டொப்பையும் இழுத்தும் பார்த்தேன். சத்தம் கூடுகிறது, முழக்கம் கூடவில்லை. எதை விடுவது, எதை வைப்பது? பித்தளையின் அந்த வெட்டு ஓர்கனில் எங்கிருந்து வரும்?

கண்டி ஓர்கன்காரர்:

மகள், நல்ல துண்டை எடுத்திருக்கிறீர்கள். ஓர்கனுக்கு இது வரும். உங்கள் ஒன்பது ஸ்டொப்பும் போதும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

முதலில் கொப்பியில் இருப்பதை ஒரு தடவை சரிபாருங்கள். எஃப் ஹோர்ன் என்று போட்டிருந்தால் எழுதியிருக்கும் சுரத்துக்கு ஐந்தாம் சுரம் கீழேதான் ஒலிக்கும். சுரம் சரி என்று சொல்கிறீர்கள், ஆகவே அதை ஏற்கெனவே மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி, பதினொரு வரியையும் காப்பாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அந்தப் பதினொரு பேரில் பலர் ஒருவர் வாசிப்பதையே இன்னொருவர் ஒக்டேவ் மேலோ கீழோ வாசிக்கிறார்கள். மனிதர் ஊதும்போது அது தேவை. உங்களிடம் நாலடியும் இரண்டடியும் இருக்கின்றன. ஓப்பன் டயபேசனில் ஒரு சியைத் தொட்டால் பிரின்சிபல் மேல் சியையும், ஃபிஃப்டீன்த் அதற்கும் மேல் சியையும் தானாகவே கொடுத்துவிடும். நீங்கள் விரலாலும் அதையே இரட்டிப்பாக்கினால் காற்றுதான் வீணாகும். ஆகவே சிவப்புப் பேனை ஒன்றை எடுத்து, மேல் ட்ரம்பெட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆகக் கீழே போகும் வரியை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உண்மையாகவே அசைகிற வரி ஒன்றோ இரண்டோ இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஒக்டேவ் இரட்டைகளை வெட்டிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் நான்கு, ஐந்து சுரத்துக்கு மேல் மிஞ்சாது.

மந்தத்துக்குக் காரணம் ட்ரொம்போன்களை எழுதியபடியே இடது கையில் வைத்திருப்பது. நடு சியில் இருந்து ஒரு ஒக்டேவ் இறங்கிய பிறகு சி, ஈ, ஜி என்று நெருக்கி வைத்தால் எந்த ஓர்கனும் குழம்பும். கீழே சியும் ஜியும் போதும். ஈயை மேலே தூக்கி வலது கையிடம் கொடுங்கள். கீழே இடைவெளி அகலமாகவும், மேலே போகப்போக நெருக்கமாகவும் இருக்கட்டும். இயற்கையாக ஒரு குழலில் எழும் சுரங்கள் அடுக்கி நிற்பதும் அப்படித்தான். காது அதைத் தெளிவாக எடுத்துக்கொள்ளும்.

இனி நீங்கள் கேட்ட வெட்டு. பியானோவில் கையின் பாரம் அழுத்தத்தைக் கொடுக்கும். ஓர்கனில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் குழாய் ஒரே மாதிரிதான் பேசும். இங்கே அழுத்தம் பிறப்பது அதற்கு முந்திய மௌனத்தில். ஒரு கோர்ட்டை ஓங்கிக் கேட்கச் செய்ய வேண்டுமா, அதற்கு முன்னால் உள்ளதைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். கால் மாத்திரை சுரத்தில் பாதி ஒலி, பாதி ஓய்வு என்று கொப்பியிலேயே எழுதி வையுங்கள். “கொஞ்சம் வெட்டி வாசிக்கணும்” என்று மனதில் மட்டும் வைத்துக்கொண்டால் அன்றைக்குப் பதற்றத்தில் விரல்கள் ஒட்டிக்கொள்ளும். ஓய்வுக் குறியையும் சுரத்தைப் போலவே எண்ணி வாசியுங்கள். பித்தளைக்காரர் நாக்கால் செய்கிற வேலையை நீங்கள் விரலை எடுப்பதால் செய்கிறீர்கள்.

வேகமாக ஒரே கோர்ட் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் முழுக் கையையும் தூக்கித் தூக்கி அடிக்காதீர்கள். நடுச் சுரங்களைப் பிடித்தபடியே வைத்திருங்கள். மேல் சுரமும் கீழ்ச் சுரமும் மட்டும் அடிக்கட்டும். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் அசையாமல் கிடக்கும், மேல் சுரத்தை நாலாம் விரலும் ஐந்தாம் விரலும் மாறி மாறித் தொடும். கேட்பவருக்கு முழுக் கோர்ட்டும் திரும்பி அடிக்கிற மாதிரியே இருக்கும். காற்றுப் பெட்டிக்கும் நிம்மதி, ஏனென்றால் எட்டுச் சுரத்துக்கும் ஒரேயடியாகக் காற்று திறந்து மூடுவதால்தான் உங்களுக்கு அந்த நடுக்கம் வருகிறது. விசையும் வால்வும் மரச்சட்டங்களால் நேரே இணைந்த பழைய டிராக்கர் ஓர்கனில் விசை முழுதாக மேலே வந்தால்தான் உள்ளே வால்வு மூடும், அதையும் நினைவில் வையுங்கள். அந்த இடங்களில் ஸ்வெல் கப்ளரை எடுத்துவிட்டால் விசை இலேசாகும்.

பூர்டன் பேசுவதற்குச் சற்று நேரம் எடுக்கும். டியூபாவின் வேகமான சுரங்களைக் காலுக்குக் கொடுக்க வேண்டாம். பலமான மாத்திரைகளை மட்டும் பெடலில் வைத்து, கிரேட் பெடல் கப்ளரைப் போடுங்கள். எட்டடி முந்திக்கொண்டு பேசும், பதினாறடி பின்னால் வந்து தாங்கும்.

ஸ்டொப்: தொடக்கத்துக்கு ஓப்பன், பிரின்சிபல், ஃபிஃப்டீன்த். ஸ்வெல்லில் ஓபோவும் ஜெம்ஸ்ஹோர்னும், ஸ்வெல் குழாய்கள் நிற்கும் பெட்டியின் கதவு திறந்தபடி, கிரேட்டோடு சேர்த்து. டல்சியானாவும் காம்பாவும் இந்த வேலைக்கு வேண்டாம். காற்றைக் குடிக்கும், முழக்கத்துக்கு எதுவும் கொடுக்காது. நடுப்பகுதியில் கிரேட் ஓப்பன் டயபேசனைத் தனியாக விட்டு, ஹோர்ன் வரியை நடு சிக்குக் கீழே வாசித்துப் பாருங்கள். ஆங்கிலேயர் செய்த ஓப்பன் டயபேசன் அந்த இடத்தில் ஹோர்னுக்கு மிக நெருக்கமாகப் பாடும்.

நுவரெலியாக் குளிர்:

கண்டி சேர் சொன்னதற்கு மேல் வாசிப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலே எங்கள் பக்கத்துக் காலநிலை கண்டி மாதிரி இல்லை, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆடி மாதம் தென்மேற்குப் பருவ மழை. மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும். விசை மேலே வரச் சுணங்கும். அடித்த சுரம் விடாமல் ஊளையிட்டுக்கொண்டே இருப்பதும் இந்த மாதங்களில்தான். டீச்சர், முழக்கத்தில் அடிக்கடி வருகிற சுரங்கள் எவையெவை என்று ஒரு துண்டில் எழுதி, விழாவுக்கு முதல் கிழமை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பாருங்கள். மெதுவாகத் தொட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், வேகமாகத் தட்டும்போதுதான் சுணக்கம் தெரியும்.

மற்றது சுருதி. குளிரில் சாதாரணக் குழாய்களின் சுருதி இறங்கும், வெயில் ஏறினால் ஏறும். அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய மூன்று பங்கு. காலைக்கும் மத்தியானத்துக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்றால் முப்பது பங்கு, யாருக்கும் கேட்கும். நாக்குக் குழாய்கள் அந்த அளவுக்கு அசைவதில்லை. அதனால் குளிரான காலையில் ஓபோ மட்டும் உயர்ந்து நிற்கிற மாதிரி இருக்கும். உண்மையில் மற்றவைதான் இறங்கியிருக்கும். நீங்கள் ஓபோவை முழக்கத்தில் சேர்க்கப் போகிறீர்கள், ஆகவே ஆராதனை நடக்கும் அதே நேரத்துக் குளிரில் அதைச் சரிபார்க்க வேண்டும். ஓபோக் குழாயின் அடியில் வளைந்து நிற்கும் கம்பியை மேலே தட்டினால் சுருதி இறங்கும், கீழே தட்டினால் ஏறும். மயிரிழை போதும். பழக்கப்பட்ட ஆள் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள், நாக்கு வளைந்தால் இங்கே திருத்த ஆள் தேடுவது பெரும் பாடு.

பாடசாலை பாண்டில் இருந்து நிஜ ட்ரம்பெட் ஒன்றைச் சேர்க்கும் யோசனை யாருக்காவது வந்தால், ட்ரம்பெட்தான் ஓர்கனுக்கு இசைந்து வர வேண்டும். வாத்தியத்தை ஊதிச் சூடாக்கி, குழாயை இழுத்துச் சரிசெய்துகொள்ள அவரால் முடியும். ஓர்கனால் முடியாது.

இன்னொன்று, கரண்ட். மழைக்கு மின்கம்பத்தில் மரம் விழுவது சாதாரணம். உங்கள் ஓர்கனில் பழைய கைத்துருத்தி இன்னும் இருக்கிறதா?

பண்டாரவளை கீபோர்ட்:

அக்கா, ஓர்கன் இவ்வளவு கஷ்டம் கொடுத்தால் கீபோர்டில் ப்ராஸ் டோனைப் போட்டு ஸ்பீக்கரில் கொடுக்கலாமே? எங்கள் சபையில் அப்படித்தான் செய்கிறோம். ட்ரம்பெட் சத்தம் நேரே வரும்.

அப்புறம், துண்டும் கொஞ்சம் தெரியாததாக இருக்கிறது. ஆரன் கோப்லண்டின் ‘ஃபான்ஃபேர் ஃபோர் த கொமன் மேன்’ வாசித்தால் சனத்துக்கு உடனே பிடிக்கும். அதுவும் பித்தளைதான்.

டிக்கோயா டீச்சர்:

கண்டி சேர், உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து ஓர்கனில் ஒட்டிவிட்டேன். சிவப்புப் பேனையால் வெட்டும் வேலை தொடங்கியாகிவிட்டது. முதல் பக்கத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, போனதை என் காது தேடவில்லை. நடுச் சுரங்களைப் பிடித்துக்கொண்டு மேல் சுரத்தை மட்டும் அடிக்கும் முறை உடனே பலன் தந்தது. காற்று நடுக்கம் நின்றுவிட்டது.

நுவரெலியா நண்பருக்கு: கைத்துருத்தி இருக்கிறது. ஓர்கனின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பிடி. காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஈயக் குண்டும் நூலில் தொங்குகிறது. குண்டு கீழ்க்கோட்டுக்கு வந்தால் நிறைவு, மேலே ஏறினால் காற்று முடிகிறது. வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரைப் பழக்கப் போகிறேன்.

பண்டாரவளைத் தம்பி, கீபோர்ட் யோசனையை நான் குறைவாக நினைக்கவில்லை. கீழ் டிவிசன் ஜெபக்கூடத்தில் நானும் அதைத்தான் வாசிக்கிறேன். ஆனால் இந்த ஓர்கனை வாங்கிய தொரைமார் போய்விட்டார்கள். மழை ஒழுகினபோது தறப்பாள் கட்டி, எலி கடித்த தோலை மாற்றி, இதை இன்று வரை காப்பாற்றி வைத்திருப்பவர்கள் கொழுந்து பறித்த சம்பளத்தில் காணிக்கை போட்ட எங்கள் ஆட்கள். அவர்களுடைய விழாவில் அவர்களுடைய ஓர்கன்தான் முழங்க வேண்டும். இதில் நான் மாற மாட்டேன்.

கோப்லண்டின் துண்டு எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அது 1942இல் எழுதியது, அவர் இறந்தது 1990இல். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுளுக்குப் பின் 70 வருடம் உரிமை உண்டு. நாமாகவே எடுத்து ஓர்கனுக்கு மாற்றி எழுத அனுமதி கேட்க வேண்டிவரும். டூகாஸ் 1935இலேயே இறந்துவிட்டார், அந்தச் சிக்கல் இல்லை. அதோடு கோப்லண்டின் துண்டில் டிம்பனி, பெரிய டிரம், டாம்டாம் என்கிற பெரிய வெண்கலத் தட்டு மூன்றும் முக்கியமான வேலை செய்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் அது அதுவாக இருக்காது. டூகாஸில் தோல் வாத்தியமே இல்லை, பித்தளை மட்டும்.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, காலியான தேவாலயத்தில் வாசிக்கும்போது இடைவெளிகள் சரியாகக் கேட்கின்றன. ஆட்கள் நிறைந்தால்? இரண்டு, முழக்கம் முடிந்ததும் கீர்த்தனை. ஆர்மோனியமும் தபேலாவும் அதற்கு. ஓர்கன் முழுச் சத்தத்தில் நின்ற இடத்தில் இருந்து பாடகர் குழு சுருதி பிடிப்பது எப்படி? போன கிழமை ஒத்திகையில் பிள்ளைகள் தடுமாறிப் போனார்கள். முழக்கத்தின் கடைசிக் கோர்ட் அவர்கள் காதில் நின்றுவிடுகிறது.

லிந்துலைத் தப்பு:

டீச்சர், எனக்கு ஓர்கன் தெரியாது. தப்பு அடிப்பவன். உங்கள் கதையை முழுக்க வாசித்தேன், ஒன்று கேட்கலாமா? பேராயரை ரோட்டில் இருந்து தேவாலய வாசல் வரை யார் கூட்டி வருவது? எங்கள் தோட்டத்தில் எந்த வரவேற்பு என்றாலும் தப்பு முன்னால் போகும். வாசலில் தப்பு நிற்க, உள்ளே உங்கள் ஓர்கன் எடுக்கலாம் அல்லவா?

மழை நாளில் தோல் தொய்ந்துவிடும், அதனால் வைக்கோல் நெருப்பில் காய்ச்சி இறுக்கிக்கொண்டுதான் அடிப்போம். நெருப்புக்கு வாசலுக்கு வெளியே, கூரைக்குக் கீழே ஒரு இடம் வேண்டும். அதை மட்டும் குருவானவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒரு விசயம், இரண்டு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது. நாங்கள் ஒரு முத்தாய்ப்பு அடித்து நிறுத்துவோம். அந்தக் கடைசி அடி விழுந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு நீங்கள் தொடங்குங்கள்.

கண்டி ஓர்கன்காரர்:

லிந்துலைத் தம்பி சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஓர்கனுக்கு அழுத்தம் தருவது முந்திய மௌனம் என்று மேலே எழுதினேன். தப்பு நின்ற பிறகு வருகிற மௌனத்தைவிடப் பெரிய மௌனம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? உங்கள் முதல் கோர்ட் அதில்தான் விழ வேண்டும். ஒரு மூச்சு என்று அவர் சொன்னது சரியான அளவு. அதற்கு மேல் போனால் சனம் கதைக்கத் தொடங்கிவிடும். ஓர்கனில் உட்கார்ந்தால் வாசல் உங்களுக்குத் தெரியாது. கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தால் நல்லது, இல்லையென்றால் கையைக் காட்ட ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்.

ஆட்கள் நிறைந்தால் எதிரொலி குறையும். உடம்பும் உடுப்பும் கம்பளிச் சட்டையும் ஒலியைக் குடித்துவிடும். காலி மண்டபத்தில் சரியாகக் கேட்ட இடைவெளி அன்றைக்கு வறண்டு, சுரங்கள் துண்டு துண்டாகக் கேட்கும். அதனால் விழா நாளில் ஓய்வைக் கொஞ்சம் குறைத்து, சுரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். எவ்வளவு என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அதற்கு முந்திய ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் எழும்புவதற்கு முன் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள், பின்வாங்கில் உங்கள் நம்பிக்கையான காது ஒன்று இருக்கட்டும்.

கீர்த்தனைக்குச் சுருதி கொடுப்பது பற்றி: கடைசிக் கோர்ட்டை முழுதாக ஒலிக்க விடுங்கள். கையை எடுத்து, எதிரொலி அடங்கும் வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் உங்கள் உதவிப் பிள்ளை கிரேட் ஸ்டொப்புகளையும் கப்ளரையும் தள்ளிவிடட்டும். பிறகு ஸ்வெல்லில் ஸ்டொப்ட் டயபேசன் மட்டும், பெட்டியை மூடி, கீர்த்தனையின் சட்ஜமும் பஞ்சமமும் இரண்டு சுரம் பிடியுங்கள். நான்கு எண்ணும் வரை அசையாமல் நிற்கட்டும். ஆர்மோனியம் அதற்குள் வந்து சேரும். முழக்கத்தின் சுருதி பிள்ளைகள் காதிலிருந்து போக அது போதும். முழக்கத்தைக் கீர்த்தனையின் சுருதிக்கு மாற்றி எழுதலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவ்வளவு பாடுபட்டு விரலில் ஏற்றியதை மாற்றினால் எல்லாம் கலையும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று நுவரெலியா நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. கைத்துருத்தியில் டூகாஸ் முழுதும் தாங்குமா என்பது ஓட்டுகிற பையன்களின் கையில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மொண்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ ஓப்பராவின் தொடக்க டொக்காட்டா, 1607இல் மாந்துவாவில் எழுந்தது. திரை விலகுவதற்கு முன் மூன்று முறை வாசிக்கச் சொல்லி அவரே குறித்திருக்கிறார். சி மேஜர் ஒன்றை விட்டு எங்கும் போகாது. கீழே சியும் ஜியும் அசையாமல் நிற்கும், மேலே ஒரு குரல் ஓடும். பெடலில் சியையும் இடது கையில் ஜியையும் பிடித்துவிட்டால், வலது கைக்கு மட்டும்தான் வேலை. ஓப்பனும் பிரின்சிபலும் போதும். காற்றுக் குறைவாகவே போகும்.

டிக்கோயா டீச்சர்:

மிக்க நன்றி சேர். லிந்துலை அண்ணா, குருவானவரிடம் கேட்டாகிவிட்டது. நெருப்புக்கு மணிக்கூண்டின் கீழே இடம் தருகிறார். எங்கள் தோட்டத்திலும் தப்புக்காரர் இருக்கிறார்கள், அவர்களோடு நீங்களும் வந்து சேர்ந்து அடிப்பீர்களா? ஒத்திகை சனிக்கிழமை பின்னேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நேரத்தோடு விட்டுவிடுவோம்.

சட்ஜம், பஞ்சம யோசனையைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். ஸ்டொப்ட் டயபேசன் பிடித்ததும் ஆல்டோப் பிள்ளைகள் தாங்களாகவே மெல்ல முனகிச் சுருதி சேர்ந்தார்கள். சொல்லிக் கொடுக்கத் தேவையே வரவில்லை. முழக்கத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்த நான்கு எண்ணும் நேரம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, அதை ஆறாக்கலாமா என்று யோசிக்கிறேன்.

நடுப்பகுதியில் ஓப்பன் டயபேசனைத் தனியாக விட்ட இடம் சேர் சொன்னபடியே பாடுகிறது. அதில் டெனர் எஃப் (நடு சிக்குக் கீழே உள்ள எஃப்) மட்டும் மற்றவற்றைவிடப் பருத்துக் கேட்கிறது. அந்தக் குழாயைத் தொடாமல், சுரத்தைச் சற்று முன்னதாக விட்டுச் சமாளிக்கிறேன்.

மூன்று வரியில் எழுதிய பிரதி முடியும் தறுவாயில் இருக்கிறது. பெடல் வரி பச்சை மையில், பிடித்து வைக்க வேண்டிய நடுச் சுரங்கள் பென்சிலில், ஓய்வுகள் எல்லாம் சிவப்பில். ஒன்பது, பத்து ஸ்டொப் ஓர்கன் வைத்திருக்கும் தேவாலயங்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கும். வாசிக்கிறவர்கள் இங்கே சொல்லுங்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போடுகிறேன். ஓபோ இல்லாத ஓர்கன் என்றால் அதையும் குறிப்பிடுங்கள், அந்த இடங்களுக்கு வேறு ஸ்டொப் எழுதித் தருகிறேன்.